ஆரோக்கியதாஸுக்கு ஆழ்ந்த இரங்கல்

முத்துக்குமார் என்பவர் முகநூலில் எழுதிய வரி எனக்குச் சரியாகத்தான் நினைவிருக்கிறதா என்று தெரியவில்லை. பிறகு அவரே அதை அழித்துவிட்டார், சரிபார்க்க வழியில்லை. 'காலையில்தான்' என்று எழுதியிருந்தாரா, 'இன்று காலைகூட' என்றா? பல நாள் யோசித்திருக்கிறேன். எதுவாக இருந்தாலும் பொருள் ஒன்றுதான்.

ஆரோக்கியதாஸ் என் அக்காவின் கணவர். மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். அக்கா இறந்த பிறகு கீரனூர் வீட்டில் அவரும் மகள் பிளெஸ்ஸியும்தான். கொஞ்ச காலமாக அவருக்கு ஞாபகம் பிசகிக்கொண்டிருந்தது. சாப்பிட்டுக் கை கழுவிய கையோடு மறுபடி தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்வார். ஒரு நாள் விடியற்காலையில் பிளெஸ்ஸி எழுந்தபோது வாசல் கதவு திறந்து கிடந்தது.

போலீஸ் ஸ்டேஷனில் புகாரை வாங்கிக்கொண்டவர், முகநூலிலும் போடச் சொன்னார். பஸ் ஸ்டாண்டு பக்கம் பிளெக்ஸ் கடை வைத்திருக்கும் ரகுநாத், ஊர்ச் செய்திகளுக்கென்று ஒரு பக்கம் நடத்துகிறார். அவரிடம் போனோம். மச்சானின் முகம் தெளிவாகத் தெரிகிற படம் ஒன்றுதான் இருந்தது. ஓய்வு பெற்ற அன்று ஆபீஸில் எடுத்தது. கழுத்தில் சந்தன மாலை.

"மூஞ்சி பளிச்சுனு இருக்கு, இதையே போடுங்கண்ணே" என்றாள் பிளெஸ்ஸி.

'கீரனூர் ஆரோக்கியதாஸ்: கண்ணீரில் குடும்பம்' என்று ரகுநாத் படத்தின் மேலேயே பெரிய எழுத்தில் தலைப்பு வைத்தார். காணாமல் போனது, மறதி, நீலக் கட்டம் போட்ட சட்டை, போன் நம்பர் எல்லாம் செய்திக்குள் இருந்தன. அதைப் படிக்க 'மேலும் காண்க' என்பதைத் தொட வேண்டும்.

முதல் ஆள் 'ஆழ்ந்த இரங்கல்' என்று எழுதினார். அடுத்தவர் அவரைப் பார்த்து எழுதினார். மதியத்துக்குள் நூறைத் தாண்டிவிட்டது. கூப்பிய கைகள், மெழுகுவர்த்திகள். கஜா புயலின்போது எங்கள் தெருவுக்குக் கரண்ட் கொடுத்த தெய்வம் என்று ஒருவர். அடக்கம் எத்தனை மணிக்கு என்று இன்னொருவர்.

பிளெஸ்ஸி ஒவ்வொன்றின் கீழும் எழுதினாள்: அப்பா சாகவில்லை, காணவில்லை, தயவுசெய்து செய்தியைப் படியுங்கள்.

'மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள் சகோதரி' என்று பதில் வந்தது.

ரகுநாத்துக்குப் போன் செய்தேன்.

"அழிச்சுட்டு வேற போட்டா ஷேரெல்லாம் போயிருங்க. இவ்ளோ பேரு நம்ம பக்கத்துக்கு வந்ததே இல்ல. மேல 'காணவில்லை'ன்னு சேத்துடுறேன், போதும்ல?"

சேர்த்தார். அதற்குப் பிறகும் இரங்கல்கள் வந்துகொண்டிருந்தன.

சாயங்காலம் மச்சானின் தங்கை ஷர்லி மணமேல்குடியிலிருந்து பஸ் மாறி மாறி வந்து சேர்ந்தார். தெரு முனையிலேயே அழுகை கேட்டது. கையில் ரோஜா மாலை.

"எண்ணே, சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டியேண்ணே!"

"அத்தே, அப்பா சாகல. காணோம்."

அழுகை நின்றது. "காணோமா? அப்பறம் என்ன எழவுக்குடி மாலையோட போட்டோவப் போட்ட?"

"அது ரிட்டையர்மென்ட் மாலை அத்தே. கீழ எல்லாம் எழுதியிருக்குல்ல."

"கீழ யாருடி படிப்பா?" என்று கேட்டவர், கேட்டபின் தன் வாயைப் பொத்திக்கொண்டார். மாலையை எங்கே வைப்பதென்று தெரியாமல் வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தார். கடைசியில் அதை அக்காவின் படத்துக்குப் போட்டோம்.

பிளெஸ்ஸி போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

எனக்கு எதையும் பாதியில் விட்டுப் பழக்கமில்லை. மறுநாள் காலையில் அந்தப் பின்னூட்டங்களை முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் படித்தேன். நடுவில் எங்கோ இருந்தது முத்துக்குமாரின் வரி.

'காலையில்தான் பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் வந்தார். மாத்தூரில் இறங்கினார். வாழ்க்கை இவ்வளவுதான். ஆழ்ந்த இரங்கல்.'

அதற்குப் பலர் அழும் முகம் போட்டிருந்தார்கள்.

நம்பர் வாங்கிப் பேசினேன். திருச்சி கம்பெனி ஒன்றுக்குத் தினமும் போய்வருகிறவர்.

"தம்பி, நீங்க அவரப் பாத்தது என்னைக்கு?"

"நேத்துக் காலையிலங்க. கரண்ட் ஆபீஸ் எங்க இருக்குன்னு கேட்டாரு, அங்கிட்டு ரோட்டத் தாண்டிப் போங்கன்னேன். எறங்கின கொஞ்ச நேரத்துல அட்டாக் வந்துருச்சு போலன்னு..."

"அவரு சாகல தம்பி. காணாமப் போயிட்டாரு. தேடுறோம்."



"போட்டோல மாலை இருந்துச்சுங்க" என்றார். "எல்லாரும் போட்டிருந்தாங்க. நானும் போட்டேங்க."

நானும் பிளெஸ்ஸியும் மாத்தூர் போனோம். ரோட்டோர டீக்கடைக்காரரிடம் படத்தைக் காட்டினோம்.

"நேத்துப் பூரா இந்த பெஞ்சுலதான் உக்காந்திருந்தாரு. டூட்டிக்கு ஜீப்பு வரும்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. நாந்தான் டீயும் பன்னும் குடுத்தேன். கடை சாத்துறப்ப எந்திரிச்சுட்டாரு. எங்கிட்டுப் போனாருன்னு பாக்கலையேம்மா."

முத்துக்குமார் தன் வரியை எழுதியது மதியச் சாப்பாட்டு நேரத்தில். அப்போது மச்சான் அந்த பெஞ்சில் இருந்திருக்கிறார். பிளெஸ்ஸியும் அதைக் கணக்குப் போட்டிருப்பாள். பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். பஸ்கள் வந்து நின்று போயின.

அந்த வாரக் கடைசியில், கைவிடப்பட்ட கல்குவாரி ஒன்றில் தேங்கியிருந்த தண்ணீரில் ஆடு மேய்ப்பவர்கள் நீலக் கட்டம் போட்ட சட்டையைப் பார்த்தார்கள்.

ரகுநாத் மறுபடியும் செய்தி போட்டார். அதே படம். இந்த முறை அதிகம் பேர் எதுவும் எழுதவில்லை. 'பழைய செய்தி' என்று ஒருவர். 'அட்மின் தூங்குறாரா? இவர் போன வாரமே இறந்துட்டாரே' என்று இன்னொருவர்.

மச்சானை அக்காவுக்குப் பக்கத்தில் புதைத்தோம். முத்துக்குமார் வந்து கல்லறைத் தோட்டத்தின் கேட்டருகே நின்றுவிட்டுப் போனார். அன்றைக்கே தன் வரியை அழித்துவிட்டார். ஷர்லி மணமேல்குடிக்குத் திரும்பிவிட்டார். ரகுநாத் இன்னும் அந்தப் பக்கத்தை நடத்துகிறார். பிளெஸ்ஸி திருச்சியில் ஹாஸ்டலில் தங்கி வேலைக்குப் போகிறாள். கீரனூர் வீடு பூட்டிக் கிடக்கிறது. சாவி என்னிடம் இருக்கிறது.