கூட்டிப் போட்ட வயது

ஊரில் எல்லா அப்பன்களும் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வயதில் ஒன்றைக் குறைத்துப் போடுவார்கள். பின்னால் சர்க்கார் உத்தியோகத்தில் ஒரு வருஷம் கூட இருக்கலாமே என்று யோசனை. நான் ஒருத்தன்தான் கூட்டிப் போட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அது 1968 ஜூன். மேற்கு மாம்பலத்தில் ஒரே ஒரு அறை உள்ள போர்ஷன். இரண்டாவது குழந்தை பிறந்து இருபது நாள் ஆகியிருந்தது. என் மனைவி சரோஜாதேவிக்கு எழுந்து நடமாடவே முடியவில்லை. மூத்தவன் சண்முகசுந்தரத்துக்கு அப்போதுதான் நாலு முடிந்திருந்தது. கொஞ்சம் கண் அசந்தால் ரயில் பாதைப் பக்கம் ஓடிவிடுவான். நானோ பாண்டி பஜார் ஜவுளிக் கடையில் காலை முதல் ராத்திரி வரை நின்றபடியே புடவை விரித்துப் போடுகிறவன். பயலைப் பள்ளிக்கூடத்தில் தள்ளிவிட்டால் போதும் என்றிருந்தது.

பிறந்த சீட்டெல்லாம் அங்கே யாரும் கேட்கவில்லை. வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொட்டால் ஐந்து வயது. அவ்வளவுதான் பரீட்சை. சுந்தரத்துக்குக் கை எட்டவில்லை. "தலையைச் சாச்சுக்கோலே" என்று பின்னாலிருந்து முணுமுணுத்தேன். சாய்த்தான், தொட்டுவிட்டான். தலைமையாசிரியர் சிரித்துக்கொண்டே 1-6-1963 என்று எழுதினார். அவர் நோட்டில் பாதிப் பிள்ளைகள் ஜூன் ஒன்றாம் தேதிதான் பிறந்திருந்தார்கள்.

பிள்ளை வெளியே உளறிவிடக் கூடாது என்று வீட்டிலும் அதையே பேசிக்கொண்டோம். போகப் போக எங்களுக்கே அதுதான் நிஜம் போல ஆகிவிட்டது.

ஒன்பது வருஷம் கழித்து, காதைத் தொட்ட அந்தக் கை என் கழுத்தைப் பிடித்தது. சுந்தரம் பந்து ஆடுவான். சும்மா தெருவில் ஆடுகிற ஆட்டம் இல்லை. அடையாறில் ஒரு பெரிய கம்பெனிக்குச் சொந்தமாகக் கால்பந்து கிளப் இருந்தது. முதல் டிவிஷன் டீம். அவர்கள் சின்னப் பையன்களைத் தேர்ந்தெடுத்து ஜூனியர் டீம் ஆரம்பித்தார்கள். பூட்ஸ் கொடுப்பார்கள், தினமும் காலையில் முட்டை, பால் உண்டு. பதினெட்டு வயதுக்கு மேல் நன்றாக ஆடினால் கம்பெனியிலேயே வேலை. நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிற வேலை. இருபது வருஷம் நின்று நின்று என் கால் நரம்பெல்லாம் முடிச்சு முடிச்சாக இருக்கிறது. என் மகன் உட்கார வேண்டும் என்று எனக்கு எவ்வளவு ஆசை இருந்தது என்று சொல்லி முடியாது.

இருநூறு பேரில் பதினாறு பேரை எடுத்தார்கள். சுந்தரம் ஆறாவது. கோச் ஹபீபுர் ரஹ்மான் ராயப்பேட்டைக்காரர். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இன்னா சார், பையன் கால்ல பந்து ஒட்டிக்கினு வருது! எங்க கத்துக்கினான்?" என்றார். தெருவில் என்றேன். அன்றைக்கே பையன்களை வரிசையாக நிற்க வைத்து இன்னொன்றும் சொன்னார். போன வருஷம் ஒருத்தன் வயதை மறைத்து ஆடி, டீமுக்கு வந்த பாயின்டெல்லாம் போயிற்றாம். "வயசுல மட்டும் எவனாவது டபாய்ச்சான்னு வெச்சுக்கோ, அப்பால இந்த கிரவுண்டு பக்கமே தலை காட்டக் கூடாது. தெரிஞ்சுதா?" பதினாறு தலையும் ஆடியது. சுந்தரத்தின் தலை எல்லோருடையதையும் விட வேகமாக ஆடியது.

ஜூன் ஒன்றாம் தேதி பதினாலு முடிந்திருக்கக் கூடாது என்பது விதி. பள்ளிக்கூட சர்ட்டிபிகேட்டைப் பார்த்த கிளப் செயலாளர் வேதநாயகம், "ஒரே ஒரு நாள்ல போச்சே சார்" என்று நிஜமாகவே வருத்தப்பட்டார். சுந்தரம் வெளியே கிரவுண்டில் இருந்தான். நான் அங்கேயே உண்மையைச் சொன்னேன். அவர் நல்ல மனுஷர். "பிறப்புப் பதிவு நகல் கொண்டு வாங்க. பத்து நாள் டைம் தர்றேன்" என்றார்.

அந்தப் பத்து நாளை நினைத்தால் இப்போதும் உடம்பு வலிக்கிறது. கடை முதலாளியிடம் கெஞ்சி அரை நாள் அரை நாளாக லீவு வாங்கினேன். பிரசவம் நடந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே சொன்ன பதிவு ஆபீசுக்குப் போனேன். வருஷம் தெரியும், தேதி தெரியும், எந்த நோட்டு என்று தெரியாது. கடைசியில் ஒரு குமாஸ்தா பாவம் பார்த்துத் தேடி எடுத்துக் கொடுத்தார். 20-5-1964. ஆண் குழந்தை. தகப்பன் மாணிக்கவாசகம், தாய் சரோஜாதேவி. குழந்தையின் பெயர் என்ற இடம் மட்டும் காலி. நாங்கள் பெயர் வைத்ததே மூன்று மாதம் கழித்துத்தான், அதைப் போய் யார் எழுதி வைத்தார்கள்? அந்தக் குழந்தைதான் இந்தப் பையன் என்று வக்கீலிடம் பத்திரம் எழுதிக் கையெழுத்து வாங்கினேன்.

பத்தாம் நாள் காலையில் கிளம்பும்போது சுந்தரத்திடம், "எலே, நீ அறுபத்து நாலுல பொறந்தவன். மே இருபது. யாராச்சும் கேட்டா அதைத்தான் சொல்லணும், என்ன?" என்றேன். "சரிப்பா" என்றான். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். உட்கார வைத்து விவரமாகச் சொல்லியிருக்க வேண்டும். முந்தின நாள் முகூர்த்தக் கூட்டம், கடையில் பதினாலு மணி நேரம் நின்றிருந்தேன். வாயைத் திறக்கவே அலுப்பாக இருந்தது.

வேதநாயகம் காகிதங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பக்கத்தில் கோச் நின்றுகொண்டிருந்தார். "பேரு இல்லையே சார் இதுல" என்றார் வேதநாயகம். பத்திரத்தைக் காட்டினேன். படித்தார். தலையை ஆட்டினார். பேனாவைத் திறந்தே விட்டார். எனக்கு மூச்சு வந்தது. அப்போது சும்மா ஒரு பேச்சுக்கு, பையனைப் பார்த்து, "என்னப்பா, நீ எப்போ பிறந்தே?" என்று கேட்டார்.

சுந்தரம் என்னைப் பார்க்கவில்லை. கோச்சைப் பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது.

"அறுபத்து மூணு ஜூன் ஒண்ணு சார்" என்றான். "அப்பா எனக்காக மாத்தி எழுதி வாங்கிட்டு வந்துட்டாங்க. அவங்களை ஒண்ணும் செஞ்சிடாதீங்க சார்."

நான் என்னென்னவோ சொன்னேன். காது, கை, தலையைச் சாய்த்தது எல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது கட்டுக்கதை போல இருந்தது. வேதநாயகம் பேனாவை மூடினார். "பையன் சொல்றதுக்கு மேல நான் என்ன சார் செய்யறது?" என்று காகிதங்களை என் பக்கம் தள்ளினார். ஹபீபுர் ரஹ்மான் சுந்தரத்தின் முதுகைத் தட்டி, "நீ நல்ல பையன் நைனா" என்றார். என்னை அவர் பார்த்த பார்வையை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன்.

பஸ் ஸ்டாப்பில் வெயில் கொளுத்தியது. அடிக்கலாம் என்று கை எழுந்தது, ஆனால் தெம்பில்லை. "எலே, அது நிஜம்லே. உங்கம்மா மேல சத்தியமா நீ அறுபத்து நாலுதான்" என்றேன்.

அவன் அழுதுகொண்டிருந்தான். "பஸ்ல பதினொண்ணுன்னு சொல்லச் சொல்றீங்க. ஸ்கூல்ல பதினாலு. இங்க வந்து பதிமூணுங்கிறீங்க. நான் எதைப்பா நம்பறது?"

பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்தோம். கண்டக்டர் வழக்கம்போல எனக்கு ஒரு முழு டிக்கெட்டும் அவனுக்கு அரை டிக்கெட்டும் கிழிக்கப் போனார்.

"ரெண்டும் முழுசு" என்றேன்.

கண்டக்டர் நிமிர்ந்து, "இன்னா சார், திடீர்னு வளந்துட்டானா?" என்று சிரித்தார். சுந்தரம் எழுந்து வேறு சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டான்.