பன்னிரண்டாவது ஈ

செவ்வாய், முதல் வகுப்பு

தையல் வகுப்பு முடிந்த அறையில்தான் எங்கள் வகுப்பு. தரையெல்லாம் துணி நறுக்குகள். ஒவ்வொரு மேசை ஓரத்திலும் ஒரு சின்ன வைஸ், திருகிப் பிடிக்கும் இடுக்கி. அதன் வாயில் தூண்டில் முள்ளைக் கவ்வ வைத்து, முள்மேல் நூலும் இறகும் முடியும் சுற்றிப் பூச்சி போல் ஆக்க வேண்டும். இதற்கு ஈ கட்டுவது என்று பெயர். தண்ணீரில் போட்டால் மீன் அதை உயிருள்ள ஈ என்று நம்பிக் கவ்வும். நான் கட்டியதைக் கவ்வுமா என்பது வேறு விஷயம்.

ஏன் சேர்ந்தேன் என்று எழுதிவைக்கிறேன், பாதியில் விடத் தோன்றும்போது படித்துப் பார்க்க. இரண்டு வருடமாக அக்கா வீட்டில் இருக்கிறேன். அத்தான் ஞாயிறு தவறாமல் ஏரிக்குத் தூண்டிலோடு போகிறவர். அவருக்கு என் கையால் ஒன்று செய்து கொடுக்க வேண்டும். அக்காவிடம் சொன்னபோது, "கிடார் பரண்ல இருக்கு, பெயின்ட் டப்பா பரண்ல இருக்கு. ஈக்கும் இடம் ஒதுக்கிடட்டுமா?" என்றாள்.

சொல்லித்தருகிறவர் பகலில் பல் செட் செய்கிறார். எல்லோரும் அவரைப் பல்லம்மா என்றே கூப்பிடுகிறார்கள், காதுபடவே. பலகையில் ஐந்து விதமான ஈக்களைக் குத்தி வைத்திருந்தார்.

"ரெண்டே சாமான்ல முடியறத எடுங்க. அதையே பன்னெண்டு கட்டுங்க. பன்னெண்டும் ஒண்ணு போல வந்தாதான் அடுத்தது."

பக்கத்து மேசை பேக்கரிக்காரர் கேட்கவில்லை. ஐந்து நிற இறகு உள்ளதை எடுத்தார். அரை மணி நேரத்தில் அவர் முள்ளில் இருந்ததை ஈ என்று சொல்ல முடியாது, விபத்து என்று சொல்லலாம். நான் இருப்பதிலேயே எளிதானதை எடுத்தேன். உடம்புக்குக் கறுப்பு நூல், மேலே ஒரு சிட்டிகை மெல்லிய கறுப்பு முடி. அவ்வளவுதான்.

குறித்துக்கொண்டவை: கட்டி முடித்ததும் டம்ளர் தண்ணீரில் போட்டு முடி விரிகிறதா என்று பார்க்க வேண்டும். மீன் முள்ளை ஆழமாக விழுங்கியிருந்தால் பிடுங்கக் கூடாது. தூண்டில் நரம்பை அறுத்து மீனைத் தண்ணீரில் விட வேண்டும். முள் துருப்பிடித்து இரண்டு மூன்று மாதத்தில் தானாக விழுந்துவிடும்.

வெள்ளி

வகுப்பில் கொடுத்த முடிப் பொட்டலம் நான்கு ஈயைக் கெடுத்ததிலேயே தீர்ந்துவிட்டது. அடுத்த செவ்வாய் வரை வேறு கிடையாது. வேலையில் நாள் முழுக்க மூக்குக்கண்ணாடி வில்லைகளைச் சட்டத்தில் பொருத்துகிறேன், அங்கே கை நடுங்குவதில்லை. இங்கே நடுங்குகிறது.

குளியலறைக்குப் போனபோது அக்காவின் சீப்பைப் பார்த்தேன். நீளமான, மெல்லிய, கறுப்பு முடி. அதைத்தான் எடுத்தேன். அவளைக் கேட்கவில்லை. உதிர்ந்த முடிக்கு யாரைக் கேட்பது?

நூல் வழுக்காமல் உட்கார்ந்தது. பன்னிரண்டும் கட்டிவிட்டேன். பெட்டியில் வரிசையாக வைத்து எண் எழுதினேன். பன்னிரண்டாவதுதான் அழகு. என் வேலை என்று சொன்னால் எனக்கே நம்பிக்கை வராது.

சனி மதியம்

நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன். அக்கா ஒரு கூரியர் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே போனில் பதில் சொல்கிறவள். உள்ளறையில் ஹெட்செட் மாட்டிப் பேசிக்கொண்டிருந்தாள். நான் சமையலறையில் முதல் ஈயை டம்ளரில் போட்டேன். முடி அழகாக விரிந்தது. உள்ளே பேச்சு ஒரு நொடி நின்றது. இரண்டாவது. மறுபடியும் நின்றது. நான்காவதற்கு அவளே எழுந்து வந்தாள்.

"மேல ஏதாவது ஒழுகுதா பாருடி. உச்சில ஜில்லுன்னு விழுது."

நாற்காலி போட்டு ஏறிப் பார்த்தேன். கூரை காய்ந்திருந்தது. அவள் உச்சியும் காய்ந்துதான் இருந்தது. மின்விசிறிக் காற்றாக இருக்கலாம். மீதி எட்டையும் போட்டேன். எட்டு முறை பேச்சு நின்றது. எண்ணினேன். எனக்கு எண்ணும் வியாதி உண்டு, அதனால் இதைச் சாட்சியாக எடுத்துக்கொள்ள முடியாது.

ஞாயிறு

அத்தான் பெட்டியைத் திறந்து நெடுநேரம் பார்த்தார். பன்னிரண்டாவதை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்.

பத்து இருபதுக்கு அக்கா செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தாள். தலை சடாரென்று பக்கவாட்டில் போனது. நாற்காலியோடு சாய்ந்து விழுந்தாள். நான் வாசல் கதவருகே நின்றிருந்தேன்.

"யாருடி பின்னல இழுத்தது?" என்று என்னைப் பார்த்தே கேட்டாள். அப்புறம் நான் நின்ற தூரத்தைக் கண்ணால் அளந்தாள்.

மதியம் அத்தான் வெறுங்கையோடு, ஆனால் வாயெல்லாம் பல்லாக வந்தார். ஏரியிலேயே பெரிய மீன் அதுதானாம். என் ஈயைக் கவ்வி, நரம்பை அறுத்துக்கொண்டு போய்விட்டதாம். எத்தனை மணிக்கு என்று கேட்டேன். பத்தரைக்குக் கொஞ்சம் முன்னாடி என்றார். மறுபடி கேட்டேன். "ஏன், கேஸ் எழுதப் போறியா?" என்றார்.

செவ்வாய்

அக்காவின் பின்னல் நேராகத் தொங்கவில்லை. முதலில் அவள் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்தேன். நிமிர்ந்து நின்றாலும் நுனி ஒரு விரல் அளவு விலகியே நிற்கிறது, கூடத்து ஜன்னல் பக்கமாக. ஏரி அந்தத் திசையில்தான். நேற்று அவள் மேசையை அந்த ஜன்னலுக்கு நகர்த்திக்கொண்டாள். வெளிச்சத்துக்காம்.

வகுப்புக்கு முன் மீதிப் பதினொன்றையும் அவிழ்த்து முடியைப் பிரித்தெடுத்தேன். ஒரு மாற்றமும் இல்லை. அவை தண்ணீரில் இல்லையே.

பல்லம்மாவிடம், அறுத்துக்கொண்டு போன மீன் மறுபடி மாட்டுமா என்று பொதுவாகக் கேட்டேன். ஒரு தடவை எதை நம்பியதோ அதையேதான் மறுபடியும் நம்பும், ஒரு சுற்றுகூட வித்தியாசம் இருக்கக் கூடாது என்றார். புதுப் பொட்டலம் கொடுத்தார். பழுப்பு நிறம், குட்டை முடி. உதவாது.

வியாழன்

இன்று எனக்கு விடுமுறை. காலை பதினொன்று. கூடத்து ஜன்னல் பக்கமிருந்து "ஹலோ, ஹலோ" என்று யாரோ கத்துவது சன்னமாகக் கேட்டது. ஹெட்செட் நாற்காலியில் கிடந்தது. அக்கா அங்கே இல்லை.

குளியலறையில், நிரம்பிய வாளிக்குள் தோள்வரை தலையை விட்டு மண்டியிட்டிருந்தாள். குமிழி வரவில்லை. இரண்டு கையாலும் பின்னலைப் பிடித்து இழுத்தேன். வாளிக்குள்ளிருந்தும் யாரோ இழுப்பது போல் கனத்தது. கடைசியில் வாளியைக் கவிழ்த்தேன். இருமி, மூச்சு வாங்கி, கோபமாக என்னைப் பார்த்தாள்.

"ஏன்டி எழுப்பின? கீழ நல்லா இருந்துச்சு. சத்தமே இல்ல."

எல்லாவற்றையும் சொன்னேன். சீப்பு, டம்ளர், பத்து இருபது. முதலில் சிரித்தாள். பிறகு கத்தரிக்கோலை எடுத்து வந்து, பின்னலைக் கழுத்தோடு வெட்டிவிட்டு, "இப்ப?" என்றாள். கேட்கும்போதே அவள் தலை ஜன்னல் பக்கம் சாய்ந்தது.

முள் துருப்பிடித்து விழும்வரை, இன்னும் மூன்று மாதம் அவளை நான் காவல் காக்க முடியாது. அந்த மீனைப் பிடித்தாக வேண்டும். பதின்மூன்றாவதைக் கட்டினேன், அதே நூல், அதே சுற்று. அவள் முடியை மறுபடி தண்ணீரில் போட முடியாது; முடி என்னுடையது.

ஞாயிறு மாலை

அத்தானோடு நானும் போனேன். அக்காவுக்கு மேல்மாடி அம்மா துணை. குழாய்களை மூடி, வாளிகளைக் காலிசெய்துவிட்டுத்தான் கிளம்பினேன். அத்தானிடம் காரணம் சொல்லவில்லை. போன வாரம் நின்ற அதே பாறைமேல் நின்று, அதே இடத்தில் போடச் சொன்னேன். "உத்தரவு, மேடம்" என்றார்.

ஒன்பது ஐம்பது. ஈ தண்ணீரைத் தொட்டதும் என் உச்சியில் ஜில்லென்று விழுந்தது. தொட்டுப் பார்த்தேன், காய்ந்திருந்தது. ஈ மூழ்க மூழ்க அந்தக் குளிர் கழுத்துக்கு இறங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

பத்து பத்துக்கு என் தலை முன்னால் வெட்டி இழுத்தது. அதே நொடியில் கோல் வளைந்தது. பாறையைப் பிடித்துக்கொண்டேன். அத்தான் ரீலைச் சுற்றச் சுற்ற என் தலைத்தோல் முழுக்க எரிந்தது. கைவலையில் வந்தபோது மீன் என் கை நீளம் இருந்தது. வாயின் ஓரத்தில் சின்னக் கறுப்பு ஈ. பன்னிரண்டாவது. அத்தான் இடுக்கியால் அதைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார்.

உடனே அக்காவைப் போனில் கூப்பிட்டேன். மரத்தடியில் சிக்னல் நன்றாக எடுக்கும் என்று நாலடி தள்ளிப் போய், ஏரிக்கு முதுகைக் காட்டி நின்றேன். இந்த ஒன்றைத்தான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். முதுகைக் காட்டி நின்றேன்.

"இப்பதான்டி தலை லேசாச்சு. பிடிச்சிருந்த ஆளு விட்ட மாதிரி இருக்கு." அவள் அழுதாள். நானும் அழுதேன்.

திரும்பியபோது அத்தான் வெறுங்கையைத் துண்டில் துடைத்துக்கொண்டிருந்தார்.

"உன் புது ஈ தொண்டைக்குள்ள போயிடுச்சும்மா. பிடுங்கினா செத்துடும். நரம்ப அறுத்து விட்டுட்டேன். பல்லம்மா அப்படித்தான சொல்லுவாங்க?"

ஆமாம் என்றேன். அவர் செய்தது சரிதான். நானாக இருந்தாலும் குறிப்பேட்டைப் பார்த்து அதையேதான் செய்திருப்பேன்.

செவ்வாய்

இன்று வகுப்புக்கு அக்காவும் வந்தாள். பேக்கரிக்காரர் என்னைப் பார்த்து, ஏன் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாய் என்று கேட்டார். கழுத்துப் பிடிப்பு என்றேன். பன்னிரண்டும் ஒன்று போல வந்ததா என்று பல்லம்மா கேட்டார். பெட்டி காலி என்று காட்டினேன். அடுத்ததைத் தொடக்கூடாது என்றார். நான் தொடப் போவதில்லை.

வீட்டில் இப்போது வாளி கிடையாது. டம்ளர்கூட மேல் தட்டில் இருக்கிறது. நான் இதை எழுதும்போது அக்கா பக்கத்தில் உட்கார்ந்து யாருக்கோ பார்சல் விவரம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவள் இடது கையில் என் பின்னலை இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்திருக்கிறாள். சில சமயம் இரண்டு பக்கமும் இழுக்கிறது.

துருப்பிடித்து விழ மூன்று மாதம் என்று கணக்கு வைத்து, காலண்டரில் இரண்டு நாளை அடித்துவிட்டேன். எதற்கும் சரிபார்க்கலாம் என்று சற்று முன் பன்னிரண்டாவது ஈயை அவிழ்த்தேன். ஒரு வாரம் தண்ணீரில், மீனின் வாயில் கிடந்த முள். நூலைப் பிரித்து, முடியை எடுத்துவிட்டு, மேசை விளக்கில் பிடித்துப் பார்த்தேன். வேலையில் வில்லைகளைப் பார்க்கும் பூதக்கண்ணாடியாலும் பார்த்தேன்.

ஒரு புள்ளி துரு இல்லை. இன்றைக்குத்தான் பொட்டலத்தைப் பிரித்து எடுத்தது போல் மின்னியது.

அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை. காலண்டரை எடுத்துச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தேன்.