பொன்னாடைக்குப் பின் மேல்முறையீடு இல்லை

கீர்த்தனன் கடைசி வளைவில் கஜனியின் காரைப் பின்மூலையில் தட்டிச் சுழற்றினான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. முந்நூறு பேர் பார்த்தார்கள். பாதிப்பேர் கைத்தொலைபேசியில் பிடித்தும் வைத்திருந்தார்கள். அதற்கு என்ன தண்டனை என்பதுதான் கேள்வி. அதைத் தீர்மானிக்க பாரிசின் லா ஷப்பேலில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மாடியில் எங்கள் விளையாட்டுச் சங்கத்தின் ஒழுக்காற்றுக் குழு கூடியது. நானும் அதில் ஓர் உறுப்பினன். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆகவே நான் நடுநிலையாளன் என்று தலைவர் முடிவு செய்திருந்தார்.

ஸ்டாக் கார் பந்தயம் என்பது பெரிய சூத்திரமல்ல. கிழட்டுக் கார்களின் கண்ணாடிகளைக் கழற்றி, உள்ளே இரும்புக் கூடு பொருத்தி, பாரிசுக்கு வடக்கே எரிக் என்ற விவசாயியின் அறுவடை முடிந்த வயலில் வட்டமாக ஓட்டுவார்கள். பக்கத்துக் காரோடு உரசலாம், முட்டலாம், சனம் அதைப் பார்க்கத்தான் வருகிறது. ஆனால் முன்னால் போகிறவரின் பின்மூலையில் வேண்டுமென்று தட்டிச் சுழற்றக் கூடாது. சுழன்ற கார் எங்கே போய் நிற்கும் என்று யாரும் சொல்ல முடியாது. கஜனியின் கார் எரிக்கின் தண்ணீர்த் தாங்கியில் போய் மோதி நின்றது. அவளுக்குக் கழுத்து வலியோடு போயிற்று. கார் இரும்புக்கடைக்குப் போயிற்று.

ஒபர்வில்லியேயில் ஒரு மொத்த வியாபாரக் களஞ்சியத்தில் பாரந்தூக்கி வண்டி ஓட்டுகிறவள் கஜனி. அந்தக் காரை ஞாயிற்றுக்கிழமைகளில் தன் கையாலேயே பொருத்தியிருந்தாள். அன்று தோற்ற பிறகும் பருவத்தின் மொத்தப் புள்ளிகளில் அவள்தான் முன்னால். இறுதிப் போட்டி அடுத்த மாதம். கார் இல்லையென்றால் கிண்ணமும் இல்லை.

விசாரணைக்குத் தலைமை தாங்கியவர் தவரத்தினம். சங்கத் தலைவர், மளிகைக் கடை முதலாளி, கீர்த்தனனின் தகப்பன் ஆகிய மூன்று பதவிகளையும் ஒரே கதிரையில் இருந்தபடி வகித்தார்.

“பிள்ளை, நடந்தது கவலைதான்,” என்று தொடங்கினார். “தம்பி கீர்த்தனன் உமக்குக் கை குடுப்பார். ஒரு படம் எடுத்து முகநூலில போடுவம். விசயம் முடிஞ்சுது.”

“போன வருஷம் ரோமன் இதே தட்டுத்தான் தட்டினவன், அண்ணை. அவனை ஒரு பருவம் முழுக்க வெளியில நிப்பாட்டினனீங்கள்.”

“அது சங்கத்துக்கு யாப்பு எழுத முந்தின காலம். அதோட, ரோமன் உணர்ச்சிவசப்பட்டுத் தட்டினவன். தம்பி தந்திரோபாயமாத் தட்டினவர்.”

“சே பா மா ஃபோத்,” என்றான் கீர்த்தனன். தன் பிழை இல்லையாம். தமிழில் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அவன் பிரெஞ்சில் குற்றமற்றவனாக இருந்தான்.

“அப்ப தம்பியின்ரை வெற்றியையாவது பறியுங்கோ,” என்றாள் கஜனி.

தலைவர் கதிரையில் நிமிர்ந்தார். “பொன்னாடை போர்த்தியாச்சு, பிள்ளை! போர்த்தினவர் ஆர் தெரியுமோ? நகரசபை உறுப்பினர் ஒருத்தற்றை மைத்துனர். அந்த மனுசனைக் கூப்பிட்டு, பிழையான தோளில போட்டிட்டியள் எண்டு சொல்ல ஏலுமோ? அதுக்குத்தான் ஒன்பதாம் சரத்து வைச்சனான். பொன்னாடை போர்த்திய பின் முடிவு மாற்றப்படமாட்டாது.”

அந்த இடத்தில்தான் எனக்கு ஆர்வம் பிடித்தது. யாப்பு, அதாவது சங்கத்தின் விதிப்புத்தகம், எங்கள் எல்லோர் வீட்டிலும் இருந்தது. வழுவழுப்பான தாள், அட்டையில் தலைவரின் வண்ணப்படம், ‘ஆறு மாத கால உலகளாவிய ஆய்வின் பயனாக’ என்று தொடங்கும் முன்னுரை. அட்டைக்கும் முன்னுரைக்கும் அப்பால் போனவர் யாரையும் நான் சந்தித்ததில்லை. பொன்னாடைக்கே ஒரு சரத்து இருந்தால், தண்டனைக்கும் ஒன்று இருக்க வேண்டுமே என்று கேட்டேன்.

“பதினாலு,” என்றார் தலைவர் பெருமையாக. “வாசியுங்கோ, எல்லாரும் கேக்கட்டும்.”

வாசித்தேன். “தவறிழைக்கும் ஓட்டுநர் தம் வசமுள்ள வாகனங்களில் ஒன்றைத் திருப்பி வைக்க வேண்டும். எதிராளி அதைத் தாம் விரும்பும் இடத்தில் வைப்பார்.”

கஜனி தன் கதிரையை மேசைக்கு அருகே இழுத்தாள்.

“இன்னொருக்கா வாசியுங்கோ அண்ணை,” என்றாள் கஜனி.

இரண்டாம் தரம் வாசித்து முடிப்பதற்குள் சீத்தாராமனின் தோள்கள் சிரிப்பில் குலுங்கத் தொடங்கிவிட்டன. சீத்தாராமன் சென்னைக்காரர், கணினி நிறுவனமொன்றில் பொறியியலாளர். அவர் குழுவில் சேர்ந்த பிறகுதான் எங்கள் சங்கத்தின் பெயருக்கு முன்னால் ‘சர்வதேச’ என்ற சொல் வந்தது.

“மன்னிச்சுக்கோங்க சார்,” என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. “இது கேரம் ரூல் சார். ஃபவுல் பண்ணா ஒரு காயைத் திருப்பி வைக்கணும், எதிர் டீம் அதை போர்டுல வைப்பாங்க. காய்னு இருந்த இடத்துல வாகனம்னு மாத்தியிருக்கு. பதினாறையும் கொஞ்சம் பாருங்களேன்.”

பதினாறு இப்படி இருந்தது: “போட்டி தொடங்குமுன் பாதையில் பவுடர் தூவப்படும். நடுவரின் அனுமதியின்றி ஓட்டுநர்கள் மேலதிகமாகத் தூவக் கூடாது.”

எரிக்கின் வயலுக்கு எத்தனை டின் பவுடர் வேண்டியிருக்கும் என்று கேட்க எனக்கு ஆசையாக இருந்தது. தலைவரின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். சங்கத்தின் பழைய கரம் பலகைப் போட்டி விதிகளை எடுத்து, சொல்லை மாற்றி, தன் படத்தைப் போட்டு அச்சடித்ததாக ஒப்புக்கொண்டால் அந்த உலகளாவிய ஆய்வு அந்த மாடியிலேயே முடிந்துவிடும். ஒப்புக்கொள்ளாவிட்டால் ஒரு கார் போகும். மனிதர் சற்று யோசித்தார். காரைக் கைவிட்டார்.

“கரமாவது, மரமாவது! அது நான் ஊண்டி யோசிச்சு எழுதின சரத்து. தடை போட்டா ஓட்டுநர் வீட்டில நித்திரை கொள்ளுவார். வாகனத்தைப் பறிச்சாத்தான் உறைக்கும். அதில ஒரு தத்துவம் இருக்கு.”

“நல்ல தத்துவம் அண்ணை,” என்றாள் கஜனி. “தம்பியிட்டை ரெண்டு கார் இருக்கு. மஞ்சளைத் தாங்கோ.”

“திருப்பி வைக்கிறது எண்டுதான் இருக்கு, பிள்ளை. உமக்குத் தாறது எண்டு இல்லை.”

“நான் விரும்புற இடத்தில வைக்கலாம்தானே? நான் விரும்புற இடம் ஒபர்வில்லியேயில, என்ரை சிநேகிதியின்ரை கராஜ்.”

“பப்பா! அது என்ரை கார்!” இந்த முறை கீர்த்தனனுக்குத் தமிழ் வந்தது.

“பொறடா,” என்றார் தலைவர், நெற்றியைத் தடவியபடி. “யாப்பு.”

இறுதிப் போட்டி நாளில் தூறிக்கொண்டிருந்தது. மஞ்சள் காரில் கஜனி, நீலக் காரில் கீர்த்தனன். இரண்டின் கூரையிலும் ‘தவம் மளிகை’ என்று பெரிய எழுத்தில் இருந்ததால் தலைவருக்கு விளம்பரத்தில் குறையில்லை. தொடக்கம் முதலே நீலம் முன்னால் ஓடியது. மஞ்சள் அதன் வாலைப் பிடித்தபடியே போயிற்று. கஜனி ஏன் முந்தப் பார்க்கவில்லை என்று எனக்கு விளங்கவில்லை. கடைசி வளைவில் விளங்கியது. மஞ்சளின் மூக்கு நீலத்தின் பின்மூலையில் ஒரு தட்டுத் தட்டியது. நீலம் சுழன்று சேற்றில் போய்ப் புதைந்தது. எரிக் கன்னத்தை உப்பவைத்து ஒரு மூச்சு விட்டு, கறுப்பு வெள்ளைக் கொடியை ஆட்டினார்.

நகரசபை உறுப்பினரின் மைத்துனர் பொன்னாடையோடு தயாராக நின்றார். முதலாவதாக வருகிறவருக்குப் போர்த்த வேண்டும் என்று மட்டும்தான் அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது. கஜனி ஹெல்மெட்டைக் கழற்றுமுன்பே போர்த்திவிட்டார்.

அடுத்த ஞாயிறு அதே மாடி. கஜனி மழைச் சட்டைக்கு மேலே அந்தப் பொன்னாடையைப் போர்த்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். உள்ளே சூடாகத்தான் இருந்தது. அவள் அதைக் கழற்றவில்லை.

“பிள்ளை, முந்நூறு பேர் பாத்தவை,” என்றார் தலைவர்.

“ஓம் அண்ணை. வேணுமெண்டுதான் தட்டினனான்.”

எங்கள் குழுவின் வரலாற்றில் யாரும் எதையும் ஒப்புக்கொண்டதில்லை. அடுத்து என்ன செய்வது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. சீத்தாராமன் தண்ணீர் குடித்தார்.

“அப்ப வெற்றி ரத்து!” என்றார் தலைவர்.

“ஒன்பதாம் சரத்து,” என்றேன் நான். நடுநிலைமையால் சொல்லவில்லை. சொன்னால் என்ன நடக்கும் என்று பார்க்க ஆசையாக இருந்தது.

தலைவர் கஜனியின் தோளைப் பார்த்தார். சரிகை அவரைத் திருப்பிப் பார்த்தது.

“அப்பத் தடை! ஒரு பருவம்!”

“தடை போட்டா ஓட்டுநர் வீட்டில நித்திரை கொள்ளுவார் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?” கஜனி பொன்னாடைக்குள் கையை விட்டு மஞ்சள் காரின் திறப்பை எடுத்து மேசையில் வைத்தாள். “பதினாலாம் சரத்து. என்ரை வசம் இருக்கிற வாகனம் இது ஒண்டுதான். இந்தாங்கோ.”

“அது எங்கடை கார்!” என்றார் தலைவர்.

“ஓம். கழுவிப்போட்டுத்தான் கொண்டுவந்தனான்.”

முதலில் சிரித்தது கீர்த்தனன். அடக்கப் பார்த்து முடியாமல், “ஷப்போ, அக்கா,” என்று இல்லாத தொப்பியைக் கழற்றினான். பிறகு திறப்பைக் கையில் எடுத்தான். இம்முறை அவன்தான் எதிராளி, விரும்பிய இடத்தில் வைக்கும் உரிமையும் அவனுடையது. மேசையைச் சுற்றிப் பார்த்தான். தகப்பனுக்கு முன்னால் விரிந்து கிடந்த யாப்பின் முன்னுரையில், ‘உலகளாவிய’ என்ற சொல்லுக்கு மேலே அதை வைத்தான்.

“எடடா அதை!” என்றார் தலைவர். யாரும் எடுக்கவில்லை.

படியிறங்கும்போது கஜனியிடம் கேட்டேன். “ரோமனை நிப்பாட்டின மாதிரித் தம்பியையும் அண்டைக்கே ஒரு பருவம் நிப்பாட்டியிருந்தா, அதுதானே பிள்ளை நியாயம்?”

அவள் இரண்டு படி யோசித்தாள்.

“நியாயம்தான் அண்ணை. அவனும் வீட்டில இருந்திருப்பான், நானும் காரில்லாமல் வீட்டில இருந்திருப்பன்.” கீழே வாசலில் மழை. பொன்னாடையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டாள். “ரோமன்தான் பாவம். அவனுக்கு ஆரும் யாப்பு எழுதேல்லை.”

அவள் பேருந்து நிறுத்தத்தை நோக்கி ஓட, மேலே மாடியிலிருந்து தலைவரின் குரல் தெளிவாகக் கேட்டது.

“சீத்தாராமன், உங்களிட்டை பட்மின்ரன் விதிமுறை ஏதும் இருக்கோ?”