மூன்று விசில் ஜெபம்

சபையில் எனக்கு 'நெடுஞ்சாலை' என்று பெயர். நான் ஜெபிக்க எழுந்தால் போதகர் உட்கார்ந்துவிடுவார். ஒருமுறை நான் கண்ணை மூடும்போது முன்வரிசையில் மொட்டைத் தலையோடு இருந்தவர், நான் ஆமென் சொல்வதற்குள் முடிவெட்டிக்கொள்ளப் போயிருந்தார். இதைக் கொஞ்சம் குறைத்தே சொல்கிறேன்.

இந்தப் பெருமையெல்லாம் வீட்டில் செல்லாது. குடும்ப ஜெபத்துக்கு என் மனைவி குக்கரை வைத்து எல்லை போட்டிருந்தாள். சோற்றை அடுப்பில் ஏற்றிவிட்டு வந்து உட்காருவாள். மூன்றாவது விசிலுக்கு நான் ஆமென் சொல்லிவிட வேண்டும்.

"அதுக்கு மேல போனா சோறு குழைஞ்சிடும். ஆண்டவருக்கே பிடிக்காது."

ராஜாக்கள், மந்திரிகள், தூர தேசத்து ஊழியர்கள், கடல் பயணிகள் எல்லோரையும் மூன்று விசிலுக்குள் அடக்கப் பழகிக்கொண்டேன். எங்கள் வீட்டு ஆட்களின் முறை வருவதற்குள் விசில் முந்திக்கொள்ளும்.

மருமகள் பேருந்து ஓட்டுகிறாள். மகன் லிஃப்ட் மெக்கானிக். அந்த வாரம் அவளுடைய சீருடைச் சட்டையை அவன் இஸ்திரி போட்டான். நல்ல மனசுதான். நடுவில் போன் வந்தது. இஸ்திரிப்பெட்டி சட்டையின் முதுகில் தன் படத்தைத் தானே அச்சடித்துவிட்டது. அந்தப் பக்கம் உள்ளே போகும்படி மடித்து வைத்துவிட்டுச் சும்மா இருந்துவிட்டான். அவள் விடியற்காலை இருட்டில் எடுத்துப் போட்டுக்கொண்டு போனாள். டிப்போவில் இறங்கி நடந்தபோது, "இஸ்திரிக் கடை எங்க திறந்திருக்கீங்க?" என்று கேட்டிருக்கிறார்கள்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்ல நேரமில்ல."

அதோடு இருவருக்கும் பேச்சு நின்றது. உப்பு வேண்டுமென்றாலும் என் வழியாகத்தான் கேட்டார்கள். நான் சுமந்த செய்திகளை ஒரு தபால்காரர் சுமந்திருந்தால் முதுகு வளைந்து தரையைத் தொட்டிருக்கும். ஒருநாள் மாலை மருமகள் பெட்டியைக் கட்டி வாசலில் வைத்துவிட்டாள். காலையில் அம்மா வீட்டுக்குப் போகிறாளாம்.

"எத்தனை நாளைக்கும்மா?"

"சட்டை ஆறுற வரைக்கும், மாமா."

மனைவி குக்கரை ஏற்றிவிட்டு வந்து உட்கார்ந்து கைகளை இறுகக் கூப்பிக்கொண்டாள்.

"ஆரம்பிங்க."

ராஜாக்களுக்கு ஜெபித்தாயிற்று. மந்திரிகளுக்கும் ஆயிற்று. விசில் வரவில்லை. சமையலறையில் உஸ்ஸென்று ஆவி போகும் சத்தம் மட்டும். கடல் பயணிகள் அத்தனை பேரையும் கரை சேர்த்தேன். பூமியில் ஆள் தீர்ந்துபோய்ப் பெங்குவின்களுக்காக ஜெபித்தேன். அதில் ஒன்று ஆமென் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது. அப்போதும் விசில் இல்லை. வேறு வழியில்லாமல் வீட்டுக்குள் வந்தேன்.

"ஆண்டவரே, ஒழுகுற குழாய்க்காக ஸ்தோத்திரம். அதுக்கு அடியில தினமும் வாளி வைக்கிற மருமகளுக்காக ஸ்தோத்திரம். விடியுமுன்னே பஸ் எடுக்கப் போறவ, என் மாத்திரையை எடுத்து வெச்சிட்டுத்தான் போறா. இஸ்திரி போடத் தெரியாமலே போடப் போன மகனுக்காகவும்..."

"ஆண்டவரே," என்று குறுக்கே வந்தது மகனின் குரல். "சொல்ல நேரம் இருந்துச்சு. தைரியம்தான் இல்ல. மன்னிச்சிடுங்க."

"அது ஆண்டவர் சட்டையா?" என்றாள் மருமகள்.

"இல்ல. உன் சட்டை. மன்னிச்சிடு."

சமையலறையில் ஆவிச் சத்தமும் நின்றுபோயிருந்தது. பிறகு மருமகள் சபைக் குரலில், "இவர் கை இனி இஸ்திரிப்பெட்டியைத் தொடாதபடி காத்துக்கொள்ளும்," என்றாள். கடைசி வார்த்தையில் சிரித்துவிட்டாள்.

"ஆமென்," என்று முந்திக்கொண்டாள் மனைவி. கூப்பிய கைகளைப் பிரித்ததும் குக்கர் வெயிட் விழுந்து நாற்காலிக்கு அடியில் உருண்டது.

"இது உன் கையில என்ன பண்ணுது?"

"தொலைஞ்சிடக் கூடாதேன்னு பத்திரமா வெச்சிருந்தேங்க."

"சோறு?"

"தீயற வாசனை வருதே, தெரியலையா?"

மகன் போய் வாசலில் இருந்த பெட்டியை உள்ளே தூக்கிவந்தான். பயங்கர கனமாம். திறந்தால் எங்கள் வீட்டு இஸ்திரிப்பெட்டி. தன் ஜெபத்துக்குப் பதிலை மருமகளே முன்கூட்டி ஏற்பாடு செய்து வைத்திருந்தாள்.

'ஆவிக்குரிய ஆகாரம்' என்று போதகர் அடிக்கடி சொல்லுவார். ஆவியெல்லாம் போய் அடியும் பிடித்த அந்தச் சோற்றைத்தான் நாங்கள் சுரண்டிச் சுரண்டி, இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டோம்.

"உப்பை இப்படித் தள்ளுங்க," என்றாள் மருமகள் மகனிடம், நேராக.

என் தபால் உத்தியோகம் அன்றோடு போயிற்று.