நாலாவது கால்

பொழுது சாய்ந்தால் கோழி கூடு சேர வேண்டும். கம்தி வீட்டுக் கோழிகளோ பத்து நாளாகக் கூட்டு வாசலில் நின்று கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தனவே தவிர, உள்ளே கால் வைக்கவில்லை. ஒவ்வொன்றாகப் பிடித்து உள்ளே விட வேண்டியிருந்தது.

"உள்ள யாரோ உக்காந்திருக்காங்க. அதான் பயப்படுது" என்றாள் எதிர் மேட்டு வீட்டுக்காரி. யார் என்று சொல்லவில்லை. சொல்லத் தேவையுமில்லை.

கம்தியின் ஏழு வயது மகள் சும்லி செத்து எட்டு மாதம் ஆகிறது. காய்ச்சல் என்று பெரிதாக ஒன்றுமில்லை, இளைத்து இளைத்தே போய்விட்டாள். செத்தவர் படுத்த கட்டிலை ஓடைக்கரையில் கவிழ்த்துவிட்டு வருவதுதான் அந்த மேட்டில் வாழும் பீல் பழங்குடிச் சனங்களின் வழக்கம். கம்தி விடவில்லை. கட்டிலின் ஒரு காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கடைசியில் கணவன் வேஸ்தா, "கோழி ஏறிப் படுத்துக்கட்டும்" என்று கட்டிலைத் தூக்கிக் கூட்டுக்குள் போட்டான். ஊர் வாயை அடைக்க அவனுக்குத் தெரிந்த வழி அதுதான்.

இப்போது அந்த வாய் மறுபடி திறந்துகொண்டது. ஏழு கோழியில் மூன்று செத்தாயிற்று. மிச்சம் நான்கும் தின்றும் இளைத்தன. அதில் ஒன்று கறுப்பி, சும்லி குஞ்சிலிருந்து வளர்த்தது. மகளுடையது என்று கம்திக்கு மிஞ்சியவை அந்தக் கோழியும் அந்தக் கட்டிலும்தான்.

உண்மையைச் சொன்னால் அவளுக்குப் பயமில்லை. மகள் வந்து உட்கார்ந்திருந்தால் உட்காரட்டுமே. அந்தியானால் கூட்டுக்குள் தலையை விட்டு, "சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டு வந்தாள். கறுப்பியை மட்டும் விட்டுவிடும்படி கெஞ்சிக்கொண்டாள்.

சந்தைக்கு மறுநாள் சுர்தி வந்தாள். ஆடு கோழிகளுக்கு வைத்தியம் பார்க்கக் கற்றுக்கொண்டு, மருந்துப் பையோடு மேடு மேடாக ஏறி இறங்குகிறவள். வேஸ்தாவுக்கு ஒன்றுவிட்ட தங்கை, வாய் கொஞ்சம் நீளம்.

"என்ன அண்ணி, கோழிய வச்சு விரதம் இருக்கீங்களா?"

"கொண்டை வெளுக்கலையே சுர்தி. நல்லாத்தானே இருக்கு."

"இது வெளுக்கிற சாதியா? கொண்டை கறுப்பு, நாக்கு கறுப்பு, கறியும் கறுப்பு. வேற கோழின்னா மூஞ்சியப் பாத்தே ரத்தமில்லன்னு சொல்லிடலாம். இதுக்குக் கண்ண நம்பக் கூடாது, கையத்தான் நம்பணும். இங்க வைங்க."

கம்தியின் கையை இழுத்துக் கறுப்பியின் நெஞ்சுக்கடியில் வைத்தாள். இரண்டு பக்கமும் சதையே இல்லை. நடு எலும்பு அரிவாள் போலத் துருத்திக்கொண்டிருந்தது.

கம்தியின் கை அங்கேயே நின்றுவிட்டது. இந்த எலும்பு அதற்குப் பழக்கம். சும்லியைத் தினமும் குளிப்பாட்டிய கை அது. அவளுக்கும் கறுத்த தோல், வெளுத்தது யார் கண்ணிலும் படவில்லை. ஆனால் கைக்குத் தெரிந்திருந்தது. வளர்கிற பிள்ளை இப்படித்தான் இருக்கும் என்று கையைச் சமாதானப்படுத்தியவள் கம்திதான்.

சுர்தி எச்சத்தைக் குச்சியால் கிளறினாள். புழுவுமில்லை, ரத்தமுமில்லை. தீனிப்பையை அமுக்கிப் பார்த்தாள், அடைப்பு இல்லை. இறகை விலக்கினாள், பேன் இல்லை. பிறகு கூட்டுக்குள் குனிந்தாள். கட்டிலின் மூட்டுகளில் சாம்பல் போல ஏதோ அப்பியிருந்தது. கத்தி நுனியை இடுக்கில் விட்டு அழுத்தினாள். சிவப்பாக வழிந்தது.

மகளின் கட்டில் ரத்தம் விடுவதைப் பார்த்த கம்தி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"பயப்படாதீங்க. பேயுமில்ல பிசாசுமில்ல, உண்ணி. பகல்ல இடுக்குல தூங்கும். இருட்டினா வந்து கோழி ரத்தத்தக் குடிக்கும். அதான் உள்ள போக மாட்டேங்குது. கட்டில எரிச்சிடுங்க. கூட்டுக்குக் கொதிதண்ணி ஊத்தி சுண்ணாம்பு அடிங்க. கோழிய சாம்பல்ல புரள விட்டு, நல்லா தீனி போடுங்க. சதை பிடிச்சிரும்."

"கட்டிலுக்கும் கொதிதண்ணி ஊத்திட்டு வச்சுக்கலாமா?"

"கயித்துக்குள்ள, மூட்டுக்குள்ள எல்லாம் இருக்கு அண்ணி. கட்டிலா கோழியான்னு நீங்களே சொல்லுங்க."

கம்தி கறுப்பியைத் தூக்கிக்கொண்டாள். அன்றே வேஸ்தா கட்டிலை எரித்தான். நெருப்பில் எத்தனை கால் விழுந்தது என்று அவன் எண்ணவில்லை. மகள் செத்தபோது கட்டிப்பிடித்திருந்த அந்தக் காலை மட்டும் கம்தி எடுத்து மறைத்து வைத்துவிட்டு, கழுவிச் சுண்ணாம்பு அடித்த கூடு காய்ந்த பிறகு அதன் கூரைத் தழைக்குள் செருகினாள். மகள் வந்தால் உட்கார ஏதாவது வேண்டாமா.

கறுப்பி இரண்டு வாரம் தேறியது. மூன்றாவது வாரம் மறுபடி வாசலில் நின்று கழுத்தை நீட்டியது. கம்தி அதன் நெஞ்சுக்கடியில் கை வைத்தாள். கை சொன்னதை இந்த முறை மறுக்கவில்லை. "தெரிஞ்சும் சும்மா இருந்தேனே" என்று வாய்விட்டே சொன்னாள். கூரைக்குள் கை விட்டுக் கட்டில் காலை உருவி, முற்றத்து அடுப்பில் வைத்தாள். நல்ல தேக்கு, எரிய வெகு நேரம் பிடித்தது. போயிட்டு வா என்று சொல்லத்தான் வாய் வந்தது. "போ" என்றாள்.

மறுநாள் கூட்டை மறுபடி கொதிதண்ணீரில் கழுவினாள், மறுபடி சுண்ணாம்பு அடித்தாள், கோழி ஏறி உட்கார மூங்கில் ஒன்றைக் கட்டினாள். சில நாள் போனது. ஓர் அந்தியில் கறுப்பி வாசலில் நிற்கக்கூட இல்லை. நேரே உள்ளே போய்ப் புது மூங்கிலில் ஏறி உட்கார்ந்தது. கம்தி பழக்கத்தில் கூட்டுக்குள் தலையை விட்டாள். சாப்பிட்டியா என்று கேட்க, அங்கே யாரும் இல்லை.