சாய்தளத்து மயில்

மேடைக்கு ஏறும் சாய்தளத்தை அந்தப் பல்கலைக்கழகம் கட்டி இரண்டு வருடமாகிறது. தரச்சான்றுக் குழு வருகிறது என்றதும் அவசர அவசரமாக சிமெண்ட் பூசினார்கள். குழு வந்தது, பார்த்தது, சாப்பிட்டது, போனது. அதற்குப் பிறகு அந்தச் சரிவில் ஏறியது பூத்தொட்டிகள் மட்டும்தான். குரோட்டன்ஸும் அரளியும் ஆளுக்கொரு இடம் பிடித்து வரிசையாக உட்கார்ந்துகொண்டன. உதவி நூலகர் ஸ்டெல்லா தன் சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டு அரங்கத்தைக் கடக்கும்போதெல்லாம் அந்தச் செடிகளைப் பார்த்துப் பொறாமைப்படுவாள். செடிகளுக்காவது மேடை ஏற வழி செய்து கொடுத்திருக்கிறார்களே, புண்ணியவான்கள்.

இன்று டிசம்பர் மூன்று. ஊனமுற்றோர் வரலாற்று விழா. தோட்டக்காரரை விடாமல் நச்சரித்து நேற்றுதான் தொட்டிகளை எடுக்க வைத்திருந்தாள். விஷ்ராந்த்வாடி வீட்டிலிருந்து ஆட்டோவில் வரும்போதே, மேடையில் பேச வேண்டியதை மராத்தியில் முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். அரங்கத்துக்குள் நுழைந்தவளின் கைகள் சக்கரத்தின்மேல் அப்படியே நின்றுவிட்டன.

சாய்தளம் முழுக்க ரங்கோலி.

அடியிலிருந்து உச்சிவரை ஒற்றை மயில். கழுத்து மேடையைத் தொட்டுக்கொண்டிருந்தது. தோகை சரிவு நெடுகப் பரவிக் கீழே வந்து இறங்கியது. கோணல் ஒன்று கிடையாது, சிந்தல் ஒன்று கிடையாது. அடிவாரத்தில் குறுக்கே சாமந்திச் சரம் கட்டி, ‘மிதிக்காதீர்கள்’ என்று மராத்தியில் ஓர் அட்டை வேறு.

“எப்படி இருக்கு மேடம்?” என்று ஓடி வந்தார் ஸ்ரீவத்சன். விழாவின் ஒருங்கிணைப்பாளர், புள்ளியியல் துறைப் பேராசிரியர், சென்னையிலிருந்து வந்து நான்கைந்து வருடமாகிறது. நல்ல மனிதர். அதுதான் சிக்கலே, நல்ல மனிதர்களிடம் கத்தவும் முடியாது.

“சார், ரங்கோலி போட இந்தக் காலேஜ்ல வேற ஜாகாவே கிடைக்கலையா?”

“தொட்டியெல்லாம் எடுத்ததும் அந்த இடம் வெறிச்சுனு இருந்துது. பசங்க ஆசைப்பட்டா.”

“நான் எப்படி மேல போறது?”

ஸ்ரீவத்சன் முகத்தில் அப்போதுதான் அது உறைத்தது. ஆனால் சமாளிப்பதில் மனிதர் கெட்டிக்காரர். “கார்ட்லெஸ் மைக் இருக்கே! கீழேர்ந்தே ஜம்முனு பேசிடலாம். இல்லேன்னா நம்ம பசங்க நாலு பேர் சேரோட அப்படியே தூக்கி...”

“தூக்க வேண்டாம்.” வேகமாக வந்துவிட்டது. பிறகு குரலை இறக்கிக் கேட்டாள்: “யாரு போட்டது?”

“நம்ம கீர்த்திதான் மேடம்!”

ஸ்டெல்லாவுக்குத் திக்கென்றது. வேறு யார் போட்டிருந்தாலும் இந்நேரம் ஏறி மிதித்துக்கொண்டு போயிருப்பாள்.

கீர்த்தி புள்ளியியல் முதலாம் ஆண்டு. அவளும் சக்கர நாற்காலிதான். அப்பா தங்கராஜுக்கு லோஹேகாவ் விமானப் படைத் தளத்தில் வேலை. வகுப்புகள் எல்லாம் இரண்டாவது மாடியில். லிஃப்ட் எப்போது பார்த்தாலும் ‘பழுது’. தினமும் நான்கு பையன்கள் நாற்காலியோடு அவளைத் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். போன வாரம் அவர்களில் ஒருவனுக்குக் கால் வழுக்கியது. நாற்காலி சாய்ந்து, கீர்த்தியின் முழங்கை படிக்கட்டில் உரசித் தோல் போனது. தலையில் பட்டிருக்கலாம். படவில்லை, அவ்வளவுதான்.

மறுநாளே தங்கராஜ் வந்தார். “தபால்ல படிக்கட்டும் மேடம். எனக்கு இருக்கிறது ஒரே பிள்ளை” என்றார். டி.சி. வாங்கப் போனவரை ஸ்டெல்லாதான் நூலகத்துக்குள் இழுத்து உட்கார வைத்தாள். “விழா வரைக்கும் பொறுங்க சார். துணைவேந்தர் வாராரு. மேடையில வச்சு எல்லார் முன்னாலயும் நான் கேக்கேன். வகுப்பைக் கீழ கொண்டு வாங்கன்னு கேக்கேன். அங்க வச்சு வாக்குக் குடுத்துட்டா மாத்திப் பேச முடியாது.”

தங்கராஜ் யோசித்துத் தலையாட்டினார். “விழா முடிஞ்சதும் டி.சி. வாங்க வருவேன். அதுக்குள்ள நடந்தா சந்தோஷம்.”

இந்த ஒரு வாக்கை வைத்துக்கொண்டுதான் ஸ்டெல்லா ஒரு வாரமாகத் தூங்காமல் கிடந்தாள். எழுதிக் கொடுத்தாயிற்று, ‘பரிசீலனையில் உள்ளது’ என்று பதிலும் வந்தாயிற்று. மிச்சமிருப்பது மேடை ஒன்றுதான். கீழேயிருந்து மைக்கைப் பிடித்துக் கேட்டால் அது மனு. பெரியவர் சிரித்துத் தலையாட்டி, செயலாளரிடம் தள்ளிவிடுவார். மேடையில் பக்கத்தில் நின்று முகத்தைப் பார்த்துக் கேட்டால்தான் பதில் சொல்லியாக வேண்டும். இத்தனை வருட உத்தியோகத்தில் அவள் கண்ட உண்மை அது. நான்கு பேர் தூக்க மேலே போய், ‘தூக்காதீர்கள்’ என்று பேசுவதைவிடக் கேவலம் வேறு உண்டா?

அரங்கின் பக்கவாட்டில் வரலாற்றுக் கண்காட்சிப் பலகைகள் வரிசையாக நின்றன. பல்கலைக்கழகத்தில் படித்துப் போன ஊனமுற்ற மாணவர்களின் படங்களைப் பழைய ஆண்டு மலர்களிலிருந்து தேடி எடுத்தது அவள்தான். வாசகங்கள் ஸ்ரீவத்சன் எழுதியவை. கடைசிப் பலகையில் அவளே இருந்தாள், இருபது வயசு ஸ்டெல்லா. கட்கி ஆயுதத் தொழிற்சாலைக் குடியிருப்பிலிருந்து படிக்க வந்த பெண். நான்கு பையன்கள் நாற்காலியைத் தோளுயரம் தூக்கியிருக்க, பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறாள். கீழே ‘நட்பின் தோள்கள்’ என்று எழுதியிருந்தது. அந்தச் சிரிப்பு எதற்கென்று அவளுக்குத்தான் தெரியும். தூக்குகிறவனிடம் முகம் சுளிக்க முடியாது. மேலே அந்தரத்தில் இருப்பது நாம்தானே.

நாற்காலியை முன்னும் பின்னும் ஓர் அடி உருட்டிக்கொண்டே இருந்தாள். மனசு ஒரு நிலையில் இல்லாதபோது அவளுக்கு அது வழக்கம்.

“மேம்! பாத்தீங்களா?” கீர்த்தி வந்து நின்றாள். கையெல்லாம் நீலம், மூக்கு நுனியில் பச்சை. பின்னாலேயே நாலைந்து தோழிகள். ஸ்டெல்லா இதுவரை அவளை ஆள் சூழப் பார்த்ததே இல்லை. “சூப்பரா இருக்குல்ல? தரையில உக்காந்து போடறதுக்கு எனக்குத்தான் ஈஸி மேம். மத்தவங்களுக்கெல்லாம் குனிஞ்சு குனிஞ்சு கமர்... இடுப்பு வலிக்குது. எல்லாரும் என்னைக் கேட்டாங்க, அடுத்து என்ன கலர்னு. என்னை!”

“நல்லாருக்கு கண்ணு.”

“அப்பா டி.சி. வாங்கறாரு இல்ல? அதான் போட்டேன்.” அவள் தமிழ் எப்போதும் தடுக்கித் தடுக்கித்தான் வரும், இதைச் சொல்லும்போது இன்னும் தடுக்கியது. “போறதுக்கு முன்னாடி... ஒண்ணு இங்க இருக்கட்டும்னு.”

ஸ்டெல்லா பலகைகளைச் சரிபார்க்கப் போகிறவள்போல் நாற்காலியைத் திருப்பிக்கொண்டாள். கண்ணை மறைக்க ஏதாவது வேலை வேண்டியிருந்தது.

துணைவேந்தர் ரொம்பத் தாமதமாக வந்தார். வந்தவர் ரங்கோலி முன்னால் நின்று “வாஹ் வாஹ்!” என்று வியந்தார், கீர்த்தியைப் பக்கத்தில் அழைத்துப் படம் எடுத்துக்கொண்டார், படி ஏறி மேடைக்குப் போய்விட்டார். குத்துவிளக்கு, சால்வை, தேங்காய், பூங்கொத்து, எல்லாம் நிதானமாக நடந்தது. அனைவரையும் உள்ளடக்கிய கல்வி பற்றி அவரே நெடுநேரம் பேசினார். ஸ்டெல்லாவின் சக்கரம் முன்னும் பின்னும் போய் வந்தது. அவள் பெயர் வருவதாக இல்லை.

பேச்சை முடித்தவர் கடிகாரத்தைப் பார்த்தார். டெல்லி விமானத்துக்கு நேரமாகிவிட்டது என்றார். தொகுத்து வழங்கிய பெண் பதறிப்போய் நேரே நன்றியுரைக்குத் தாவினாள். ஸ்ரீவத்சன் குனிந்து ஸ்டெல்லாவின் கையில் மைக்கைத் திணித்தார். “ரெண்டே நிமிஷம் மேடம். இங்கேர்ந்தே சட்டுனு முடிச்சுடுங்கோ, ப்ளீஸ்.”

அரங்கக் கதவோரம் தங்கராஜ் நின்றிருந்தார். சட்டைப் பையில் மடித்த விண்ணப்பம் வெளியே எட்டிப் பார்த்தது.

ஸ்டெல்லா மைக்கைத் திருப்பிக் கொடுத்தாள். உருட்டிக்கொண்டு சாய்தளத்தின் அடியில் போய் நின்றாள். முன்சக்கரம் சாமந்திச் சரத்தைத் தொட்டது. ஓர் உந்து உந்தினால் போதும், தோகைக்குள் போய்விடலாம். கை வரவில்லை. அந்தப் பிள்ளை இந்த இடத்தில் ஆசையாகச் செய்தது இது ஒன்றுதானே?

கீர்த்தி முன்வரிசையிலிருந்து அடித்துப் பிடித்துக்கொண்டு வந்தாள். “மேம், என்ன பண்றீங்க? கீழயே பேசலாம்னு சார் சொன்னாரே!”

“கீழ இருந்து கேட்டா வாங்கிப் பைல வச்சுட்டுப் போயிருவாங்க கண்ணு. உன் கிளாஸைக் கீழ கொண்டு வரச் சொல்லணும். மேல போய்த்தான் கேக்கணும்.” ஸ்டெல்லா சாய்தளத்தைக் காட்டினாள். “வழி இது ஒண்ணுதான் இருக்கு. உன் மயிலு...”

அவர்கள் பேசிய தமிழ், அரங்கில் ஸ்ரீவத்சனையும் தங்கராஜையும் தவிர யாருக்கும் புரியவில்லை. கீர்த்தி சாய்தளத்தைப் பார்த்தாள். உதடு கோணியது, அழுதுவிடுவாள் போலிருந்தது. சட்டென்று குனிந்து சாமந்திச் சரத்தைப் பிடித்து அறுத்தாள்.

“போங்க மேம்.”

“கீர்த்தி...”

“சாயங்காலம் எப்படியும் பெருக்கித்தான் தள்ளுவாங்க. போங்க, அவர் எந்திரிக்கிறாரு!”

ஸ்டெல்லா உந்தினாள். தோகையின் நுனி சக்கரத்துக்கடியில் போனது. அவசரத்தில் கட்டிய சாய்தளம், செங்குத்து அதிகம். போதாததற்குக் கோலப்பொடி வழுக்கியது. பாதியில் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றி, நாற்காலி ஒரு சாண் கீழே சறுக்கியது. நீலமும் பச்சையும் கலந்து குழம்பின. ஸ்ரீவத்சன் தள்ளிவிட ஓடி வந்தார். “தொடாதீங்க சார்!” என்று கத்தினாள். அந்தப் படத்தில் சிரித்த சிரிப்புக்கெல்லாம் சேர்த்து வைத்துக் கத்தினாள். தோள் கழன்றுவிடும்போல வலித்தது. மயிலின் கழுத்தை இரண்டாக அறுத்துக்கொண்டு மேலே ஏறினாள்.

எழுந்து நின்ற துணைவேந்தர் நின்றபடியே நின்றார்.

மனப்பாடம் செய்தது எதுவும் நினைவில் இல்லை. மைக் இல்லாமலே மராத்தியில் பேசினாள். “ஐயா, அங்கே கடைசிப் பலகையில் என்னை நான்கு பேர் தூக்குகிறார்கள். வரலாறு என்று மாட்டியிருக்கிறோம். போன வாரம் இந்தப் பெண்ணையும் அப்படித்தான் தூக்கினார்கள். கீழே விழப் பார்த்தாள். இன்னும் நடந்துகொண்டிருப்பதை வரலாறு என்று எப்படி மாட்டுவது? புள்ளியியல் வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்றுங்கள். இல்லையென்றால் இன்றைக்கே அவள் படிப்பை விட்டுப் போகிறாள்.”

“கண்டிப்பாகப் பரிசீலிக்கிறோம்” என்றார் அவர், பழக்க தோஷத்தில். சிரிக்கவும் செய்தார்.

ஸ்டெல்லா நகரவில்லை. “எப்போது என்று சொல்லுங்கள் ஐயா. அதைக் கேட்டுவிட்டு இறங்குகிறேன்.”

பத்திரிகைக்காரர்களின் கேமராக்கள் திரும்பின. துணைவேந்தர் ஒருமுறை அந்தச் சிதைந்த மயிலைப் பார்த்தார், ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்தார். பதிவாளரைக் கூப்பிட்டு ஏதோ கேட்டார். பிறகு மைக்கிலேயே சொன்னார்: “திங்கட்கிழமை முதல், தரைத்தளத்தில்.”

கைதட்டல் எப்போது தொடங்கி எப்போது ஓய்ந்தது என்று ஸ்டெல்லாவுக்குத் தெரியாது. பிரேக்கைப் பிடித்துப் பிடித்து, மிச்சமிருந்த மயிலையும் அழித்துக்கொண்டு கீழே வந்து சேர்ந்தாள்.

கீர்த்தி அங்கேயே இருந்தாள். சிரிப்பும் அழுகையுமாக முகம் ஒரு வழியாகியிருந்தது. “இருட்டோட வந்து உக்காந்து போட்டேன், தெரியுமா?” என்றாள் கோபமாக. “அப்பா இன்னும் ஃபோட்டோகூட எடுக்கல!”

“மன்னிச்சிரு கண்ணு.”

“கழுத்தாவது விட்டிருக்கலாம்ல?”

தங்கராஜ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். மகளையும் ஸ்டெல்லாவையும் பார்த்தார். சாய்தளத்தின் முன்னால் போய் நின்று செல்போனை எடுத்து, இரண்டு சக்கரத் தடம் விழுந்த அந்த மயிலை நிதானமாகப் படம் பிடித்தார். சரியாக விழுந்ததா என்று பார்த்துவிட்டு இன்னொன்றும் எடுத்தார். பிறகு திரும்பிக் கேட்டார்.

“திங்கக்கெழமை கிளாஸ் எத்தனை மணிக்கு மேடம்?”