ஒரு வருஷம் தள்ளி வைத்த பதிவு

அக்டோபர் 14, செவ்வாய்.

இன்று ஒரு தவறு. சரியாகச் சொன்னால், போன வருஷம் செய்த தவறு இன்று காலை ஆறு மணிக்கு நடந்தது.

போன வருஷம் என் மாலை நேர எழுத்து வகுப்பில் ஆளுக்கொரு பிளாக் தொடங்கி வாரம் ஒன்று எழுதச் சொன்னார்கள். எழுதியதில் பன்னிரண்டு, வெளியிடப் பயமாகவும் அழிக்க மனமில்லாமலும் தங்கிவிட்டன. வரைவுப் பட்டியலில் வைத்தால், ஓர் எழுத்தைத் திருத்தினால்கூட வரிசை கலைந்துவிடும். எனக்கு அது பொறுக்காது. அதனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு வருஷம் தள்ளி வெளியீட்டுத் தேதி கொடுத்தேன். தேதிப்படி அழகாக அடுக்கி நின்றன. ஒரு வருஷம் என்பது அப்போது வராத நாள் மாதிரி இருந்தது. பிறகு மறந்துவிட்டேன். பிளாக் மறக்கவில்லை. சொன்ன தேதியில் சொன்னதைச் செய்கிற ஆள் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

மதியம் ஒன்றேகாலுக்கு, நான் வேலை பார்க்கும் கூரியர் ஆபீஸ் கவுண்டருக்குப் பின்னால் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது பேட்டரியின் செய்தி வந்தது. வகுப்புத் தோழி, எங்கே போனாலும் முதலில் பிளக் பாயின்ட் தேடுவதால் அந்தப் பெயர். காலையில் வெளியான ‘மடக்கு நாற்காலி’யைப் படித்ததாகவும், என் அக்கா பார்த்தாயிற்றா என்றும் கேட்டிருந்தாள்.

அக்கா வீட்டுக்கு நான் குடிவந்த மூன்றாம் வாரம் எழுதியது அது. ஆள் கூடினால் விரித்து, போனதும் கதவுக்குப் பின்னால் சாய்த்து வைக்கிற நாற்காலி இந்த வீட்டில் நான் என்று தொடங்கும். கடைசி வரி: ‘அக்கா என்னைச் சேர்த்துக்கொண்டது பாசத்தால் அல்ல, நாலு பேர் என்ன சொல்வார்களோ என்பதால்.’

இரண்டு நிமிஷத்தில் அதைப் பிளாக்கிலிருந்து அழித்தேன். பயனில்லை. பதிவு வெளியாகும்போதே சந்தாதாரர்களுக்கு மெயிலில் முழுசாகப் போய்விடும். சந்தாதாரர்கள் இரண்டு பேர். ஒருத்தி பேட்டரி. இன்னொருத்தி அக்கா.

அக்காவுக்கு ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் வேலை. நாலு மணி வரை போன் லாக்கரில் இருக்கும். அவளுக்கு மெயில் கணக்கு தொடங்கிக் கொடுத்தது நான். பாஸ்வேர்டு என் நோட்டில் இருக்கிறது. தனக்கு மறந்துவிடும், நீயே வைத்துக்கொள் என்று அவள்தான் சொன்னாள். பேட்டரி போன் செய்து, உள்ளே போய் அழித்துவிடச் சொன்னாள்.

"தபால்காரன் வழியில தொலைச்சுட்டான்னு நினைச்சுக்க. உங்க அக்கா உன்னை வெளிய அனுப்பிட்டா எங்கடி போவ? எங்க ரூம்ல ஏற்கெனவே அஞ்சு பேர், ஒரே பிளக்."

மூன்று இருபதுக்கு அக்காவின் மெயிலைத் திறந்தேன்.

என் பிளாக்கிலிருந்து போன ஐம்பத்து மூன்று மெயில்களும் தடித்த எழுத்தில் நின்றன. ஒன்றைக்கூட அவள் திறக்கவில்லை. ஞாயிறு தவறாமல் படித்தேன், நன்றாக இருந்தது என்பாள். ஒரு தடவை, அந்த மழை வருகிற இடத்தில் கண் கலங்கிவிட்டது என்றாள். நான் மழையைப் பற்றி எழுதியதே இல்லை. அன்றும் எனக்கு அவள்மேல் சந்தேகம் வரவில்லை. எழுதிவிட்டு மறந்திருப்பேன் போலிருக்கிறது என்று என்னைத்தான் சந்தேகப்பட்டேன்.

முதலில் நிம்மதி. அது ஆறிப்போக ஒரு நிமிஷம் ஆகவில்லை. விரல் அழிக்கும் பட்டன்மேல் இருந்தது. ஒரு வருஷமாக, சமையலறையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருக்கும்போது சொன்ன பொய் அது. அங்கே கேட்க நாலு பேர் இல்லை; எனக்காகத்தான் சொல்லியிருக்கிறாள். அப்படியானால் என் கடைசி வரி தப்பு. அல்லது எனக்குச் சாதகமாக நினைத்துக்கொள்கிறேனா? தெரியவில்லை. எதையும் தொடாமல் அவள் கணக்கை விட்டு வெளியே வந்தேன்.

வகுப்புக்குப் போகாமல் வீட்டுக்குப் போனேன். அக்கா கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். பகலெல்லாம் அங்கே மடித்துவிட்டு வந்து இங்கேயும் அதுதான். இன்றைய மெயிலைப் பார்த்தாயா என்று கேட்டேன்.

"படிச்சேன்டி. நல்லா இருந்துச்சு."

"அது உன்னைத் திட்டி எழுதினது, அக்கா."

அவள் கை நின்றது. போனை நீட்டி, என்னையே படிக்கச் சொன்னாள். படித்தேன். கடைசி வரியில் என் குரல் ஓடியது. அதை மறுபடி நிதானமாகப் படிக்கச் சொன்னாள்.

"பாதி சரி," என்றாள். "மொதல்ல அப்படித்தான். கூடப் பொறந்தவளைத் தெருவுல விட்டுட்டாளேன்னு பேசுவாங்கன்னுதான் வரச் சொன்னேன். அப்புறம் பழகிடுச்சு. இப்ப நீ வர லேட்டானா எனக்குச் சாப்பாடு இறங்குறதில்ல."

பிறகு ஏன் ஒன்றையும் படிக்கவில்லை என்று கேட்டேன். எதைப் படிக்க எடுத்தாலும் இரண்டாவது வரியிலேயே தூக்கம் வந்துவிடும் என்று திறக்கவே இல்லையாம். அதைச் சொன்னால் நான் எழுதுவதையே விட்டுவிடுவேன் என்று பயமாம். எனக்குச் சிரிப்பு வந்தது. அவளும் சிரிக்கப் போனவள், பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"நான் படிக்கலைன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

சொன்னேன். நோட்டில் இருந்த பாஸ்வேர்டு, மூன்று இருபது, எதையும் அழிக்கவில்லை என்பது வரை.

"எழுதினதுக்குக் கோவம் இல்லடி. நானும் மனசுக்குள்ள உன்னை என்னென்னமோ சொல்லியிருக்கேன், வெளிய வரல, அவ்வளவுதான். ஆனா நான் இல்லாதப்போ என் பெட்டியைத் திறந்திருக்க."

அழிக்காமல் விட்டதைப் பெரிய நேர்மை என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தேன். அவள் மீதித் துணியையும் மடித்தாள். என்னுடையதை மட்டும் மடிக்காமல் ஓரமாக வைத்தாள். சாப்பிடக் கூப்பிட்டாள், தட்டு வைத்தாள். என்ன விஷயம் என்று மாமா இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு, கேட்காமல் சாப்பிட்டு எழுந்துகொண்டார்.

மீதிப் பதினொன்றின் தேதிகளையும் எடுத்துவிட்டேன். அதற்கு நான்கு நிமிஷம்தான் ஆனது.

நாளை: அக்கா ஆறரைக்குக் கிளம்பும் முன், பாஸ்வேர்டு மாற்றும் வழியைப் படிப்படியாக, பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி அவளிடம் கொடுக்க வேண்டும். அவள் புதியதைத் தட்டும்போது நான் அந்த அறையில் இருக்கக் கூடாது.